ஐந்து ‘டக்’ மூன்றாகிவிட்டதா? நவாஹா கத்தியின் பூட்டைச் சரிபார்க்கும் முறை

கேள்வி: ஸ்பெயினில் அல்பாசெத்தே நகரில் வாங்கிய, கையால் செய்த மடக்குக்கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலகு 9 செ.மீ., காளைக் கொம்புப் பிடி, முதுகுப் பக்கம் ஒரு சிறிய வளையம். வந்த புதிதில் திறந்தால் ‘டக் டக்’ என்று ஐந்து சத்தம் கேட்கும். நான்கு வருடமாகப் பெட்டியில்தான் கிடக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது நல்லெண்ணெய் விட்டுவந்தேன். இப்போது மூன்று சத்தம்தான் வருகிறது, அதுவும் மந்தமாக. முழுக்கத் திறந்த பிறகும் அலகு மேலும் கீழும் ஆடுகிறது. பல் உட்காரும் துளையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்கிறார் லேத் பட்டறைக்காரர். செய்யலாமா? அடுத்த மாதம் டெல்லி போகும்போது பழம் நறுக்க எடுத்துப்போகும் எண்ணமும் இருக்கிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அரம் வேண்டாம். பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தத் துளையில் அரம் பட்டால் கத்தி அத்தோடு போயிற்று. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் கத்தி தேய்ந்திருக்க வாய்ப்பு குறைவு, அடைத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குற்றவாளி பெரும்பாலும் நல்லெண்ணெய்.

உங்களிடம் இருப்பது நவாஹா என்னும் ஸ்பானிய மடக்குக்கத்தி. அதிலும் கர்ராக்கா வகை. கர்ராக்கா என்றால் ஸ்பானிய மொழியில் கிரீச்சிடும் கிலுகிலுப்பை. திறக்கும்போது வரும் சத்தத்தால் வந்த பெயர். பெரிய கத்திகளை ஊர்ப்பேச்சில் ‘ஏழு வில்’ (வில் என்றால் ஸ்பிரிங்) என்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே வில் ஒன்றுதான் இருக்கும். ஏழு என்பது சத்தத்தின் கணக்கு.

அந்த ஒற்றை வில் பிடியின் முதுகு நெடுகப் படுத்திருக்கும் தட்டையான எஃகுப் பட்டை. வால் பக்கமும் நடுவிலும் ரிவெட் அடித்து இறுக்கியிருப்பார்கள். தலைப் பக்கம் மட்டும் தளர்வாக எழுந்து அமரும். அந்தத் தலையில் ஒரு நீள்சதுரத் துளை. ஸ்பானியர் அதை ‘வென்தானா’, அதாவது ஜன்னல் என்பார்கள். (நம் ‘ஜன்னல்’ பக்கத்து வீட்டுப் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது.) அலகின் அடிப்பகுதி பிடிக்குள் போய் அச்சாணியில் கோத்திருக்கிறது. அந்த அடிப்பகுதியின் வட்ட விளிம்பில் ரம்பம்போலப் பற்கள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து.

அலகைத் திறக்கும்போது பற்கள் பின்னோக்கி, பிடியின் வால் பக்கமாக நகரும். சரிவுப் பக்கம் வில்லின் தலையைத் தூக்கும். பல் ஜன்னலுக்கு நேரே வந்ததும் வில் ‘டக்’கென்று விழும். அதன்பின் அலகை மடக்கப் பார்த்தால் பல்லின் செங்குத்துப் பக்கம் ஜன்னலின் முன்சட்டத்தில் முட்டும். ஒவ்வொரு சத்தமும் ஒரு பூட்டு என்பது இதனால்தான். பாதி திறந்த நிலையிலும், வில்லைத் தூக்கும் அந்த முதுகு வளையத்தை இழுக்காமல் கத்தி மடங்காது. லாயோல் போன்ற பிரெஞ்சுக் கத்திகளில் வில்லின் அழுத்தம் மட்டும்தான், பூட்டே கிடையாது. ஒப்பினெல் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கத்தியில் 1955-லிருந்து கழுத்தில் சுழலும் வளையம் பூட்டாக இருக்கிறது. அதைத் திருப்ப மறந்தால் பூட்டில்லாத கத்திதான். கர்ராக்காவில் மறதிக்கு இடமில்லை, திறந்தாலே பூட்டு விழுந்துவிடும். ஆனால் ஒன்று: அந்தப் பூட்டின் பலம் முழுவதும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு பல்லிலும் மெல்லிய ஒரு சட்டத்திலும் நிற்கிறது.

அரம் ஏன் கூடாது

உங்கள் கத்தியின் அளவில், அச்சாணியின் மையத்திலிருந்து பல் ஏறக்குறைய 6 மி.மீ. தள்ளி இருக்கும். அலகின் முனை 90 மி.மீ. தள்ளி இருக்கிறது. விகிதம் 15. பல்லுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவில் ஒரு A4 தாளின் கனம், அதாவது 0.1 மி.மீ. இடைவெளி விழுந்தால் முனையில் 1.5 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். அரத்தை இரண்டு இழுப்பு இழுத்தாலே அந்த 0.1 போய்விடும். கத்தி செய்பவர் அந்த ஜன்னலைப் பல்லுக்கு மை தடவி, ஒட்டும் இடம் பார்த்து, மயிரிழை மயிரிழையாக உராய்த்துப் பொருத்துகிறார். அகலமாக்கினால் பல் தாராளமாக உள்ளே போகும், உண்மைதான். ஆட்டமும் தாராளமாகிவிடும்.

இன்னொன்றையும் பட்டறைக்காரரிடம் சொல்லிவையுங்கள்: தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்து ஏற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். அந்தச் சூட்டில் அலகின் அடிப்பகுதி பதம் இழந்துவிடும். மெத்தென்று ஆன பல் ஒரே மாதத்தில் மழுங்கும்.

முதலில் எந்தச் சத்தம் காணவில்லை என்று பாருங்கள்

ஐந்தில் மூன்று என்றீர்கள். எந்த மூன்று? இதுதான் முக்கியம். அலகை மெதுவாகத் திறந்துகொண்டே எண்ணுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அலகு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தொடக்கத்துச் சத்தங்கள் காணாமல் போயிருந்தால் பயமில்லை. பற்களின் இடுக்கில் பிசின் நிறைந்து, வில் விழ இடமில்லாமல் வழுக்கிப்போகிறது. கடைசிச் சத்தம் வரவில்லை என்றால்தான் ஆபத்து. அப்போது கத்தி முழுக்கத் திறந்ததுபோல் தெரிந்தாலும் நிற்பது நான்காவது பல்லில். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடைப்பட்ட தூரம் முழுவதும் அலகுக்கு ஊஞ்சல்தான். நீங்கள் சொல்லும் மேல்-கீழ் ஆட்டம் இதுவாகவே இருக்கலாம். அலகின் முதுகும் பிடியின் முதுகும் புதிதில் நின்றதுபோல் நிற்கிறதா, அல்லது அலகு கொஞ்சம் தொங்கி நிற்கிறதா என்று பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஜன்னலைப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பல்லின் தலை ஜன்னல் வழியே தெரியும். வில்லின் மேற்பரப்புக்குச் சமமாகவோ சற்று உயர்ந்தோ நிற்கும். பாதியில் நின்றால், மூலைகளில் பழுப்பு நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

நல்லெண்ணெய் காற்றுப் பட்டால் மெல்ல இறுகிப் பிசினாகும். மாதங்கள் போகப் போக அது அரக்குபோல ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு இறுகாது. ஆனால் குளிரில் உறையும், சிக்கு நாற்றம் எடுக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் எதுவானாலும் பூட்டுக்குள் போகக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை

அலகின் கூர்ப்பக்கத்தில் காகித டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். வாய் மூடிய கத்தியோடுதான் இந்த வேலை. பிடியை மண்ணெண்ணெயில் ஊறப்போடாதீர்கள். கொம்பின் மெருகு போகும், உள்ளே ஒட்டுப்பசை இருந்தால் அதுவும் விட்டுப்போகலாம். தண்ணீரும் கூடாது.

அலகைப் பாதி திறந்து நிறுத்துங்கள். பழைய டூத் பிரஷ்ஷின் நுனியை மண்ணெண்ணெயில் தொட்டு, உதறிவிட்டு, ஜன்னலையும் தெரிகிற பற்களையும் தேயுங்கள். மூலைகளுக்கு மூங்கில் பல்குச்சி. ஊசியோ குண்டூசியோ வேண்டாம். எஃகில் கீறல் விழும், அந்தக் கீறலிலிருந்து துரு தொடங்கும். காதுக்குச்சியும் வேண்டாம், பஞ்சு இழை பல்லில் சிக்கி இன்னொரு அடைப்பாகிவிடும். ஒரு சொட்டு மண்ணெண்ணெயை ஜன்னலில் விட்டு, பத்து நிமிடம் கழித்து அலகை 15 முறை திறந்து மூடுங்கள். கறுப்பாகக் கசிந்தால் பழைய எண்ணெயும் உலோகத்தூளும், அது இயல்பு. செம்மண் நிறமாக வந்தால் உள்ளே துரு. கசிவைத் துணியால் ஒற்றியெடுத்து மறுபடி செய்யுங்கள். நான்கு வருடப் பிசினுக்கு நான்கைந்து சுற்று தேவைப்படும். முதல் சுற்றிலேயே சத்தம் திரும்பவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள்.

செந்நிறம் நிற்கவே இல்லை என்றால் 600-ம் எண் உப்புத்தாளை மெல்லிய கீற்றாகக் கிழித்து தையல் மெஷின் எண்ணெயில் நனைத்து, பல்லின் சரிவுப் பக்கத்தை மட்டும் லேசாகத் துடையுங்கள். செங்குத்துப் பக்கத்தைத் தொடக் கூடாது. அதுதான் பூட்டின் முகம்.

கடைசியில் நன்றாகத் துடைத்து, ஒரு இரவு காற்றாட வைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் மூன்றே சொட்டு: ஜன்னலில் ஒன்று, அச்சாணியின் இரு பக்கமும் ஒவ்வொன்று. பழம் நறுக்கும் கத்தி என்பதால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இன்னும் நல்லது. நிறமற்று, தெளிவாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கலுக்குத் தரும் வெள்ளைக் கலவையைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வழிகிற அளவுக்கு எண்ணெய் விட்டால் தூசிக்கு விருந்து வைத்ததுபோல்.

சத்தம் திரும்பியும் ஆட்டம் போகவில்லை என்றால்

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் கலந்து சொல்வதால்தான் பட்டறையில் தப்பான வைத்தியம் நடக்கிறது.

அலகு இடம் வலமாக ஆடினால் அச்சாணி ரிவெட் தளர்ந்திருக்கிறது. அச்சாணி உலோகப் பூண் வழியாகப் போகிற கத்தியென்றால் இது எளிது. ரிவெட்டின் ஒரு தலையை எஃகுக் கட்டை மேல் வைத்து, மறுதலையைச் சிறிய உருண்டைமுகச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி நான்கைந்து தட்டு. ஓங்கி அடிப்பதில்லை, தட்டுவது. தட்டியதும் திறந்து பாருங்கள். அலகு இறுகி உராயத் தொடங்கினால் நிறுத்துங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் வில்லால் பல்லை உட்காரவைக்க முடியாது, கடைசிச் சத்தம் மறுபடி காணாமல் போகும். ரிவெட் கொம்பின் வழியாகவே போகிறது என்றால் நீங்கள் தொட வேண்டாம். ஒரு தட்டு தவறினால் கொம்பு விண்டுவிடும்.

மேலும் கீழுமாக ஆடுவது வேறு. கடைசிப் பல் முழுக்க விழுந்த பிறகும் முனையில் ஆட்டம் இருந்தால், பிடியை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முனைக்குப் பின்னால் ஒரு ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். கைவேலைக் கத்திக்கு அது குறையே இல்லை. ஒரு மில்லிமீட்டர்வரை பழம், ரொட்டி, பாலாடைக்கட்டிக்குப் பயன்படுத்தலாம். ஒன்றரையைத் தாண்டினால் பல்லோ சட்டமோ தேய்ந்திருக்கிறது, அல்லது வில் வளைந்திருக்கிறது. மூன்றுக்குமே முறையான மருந்து புது வில் ஒன்றைப் பொருத்துவதுதான். செய்தவரிடமே அனுப்புவது உத்தமம். உள்ளூரில் செய்தால் வில்லுக்குச் சாதாரண இரும்புத் தகடு ஆகாது; வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். லாரிப் பட்டை வில்லில் வரும் எஃகைப்போல் நீரூட்டிப் பதமேற்றக்கூடிய எஃகு வேண்டும். ஜன்னலைச் சின்னதாக வெட்டிப் பொருத்தப் பொருத்த அகலப்படுத்தத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் கத்தியை அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கொம்பையும் ஒருமுறை பாருங்கள். அல்பாசெத்தே வறண்ட சமவெளி ஊர். அங்கே உலர்ந்து பொருத்திய கொம்பு நம்மூர் மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும், ஏசி அறையில் சுருங்கும். ஊதிய கொம்பு வில்லின் பக்கங்களை நெருக்கினாலும் சத்தம் மந்தமாகும். வில்லுக்கும் கொம்புக்கும் இடையில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் அங்கே நெருக்குகிறது. இதற்கு மருந்து பொறுமை. வெயிலில் காயவைக்காதீர்கள், முறுக்கிக்கொள்ளும். ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் அது பூச்சி; கொம்பை அரித்துத் தின்னும் வண்டுப்புழுக்கள் உண்டு. பெட்டியைத் துப்புரவாக்கி, கத்தியைத் தனித் துணியில் சுற்றி வையுங்கள்.

மடக்கும்போது சத்தம் வருகிறதா?

இதைக் கேட்பார் குறைவு. ஆனால் நவாஹாவின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். திறக்கும்போது சத்தம் வர வேண்டும், மடக்கும்போது வரவே கூடாது. வந்தால் வளையத்தைப் போதுமான அளவு தூக்காமல் செங்குத்துப் பக்கங்களைச் சட்டத்தின் மேல் இழுத்துத் தேய்க்கிறீர்கள் என்று பொருள்.

இடது கையால் பிடியின் இரு பக்கங்களை மட்டும் பற்றுங்கள். அலகு வந்து விழும் பள்ளத்தின் பக்கம் ஒரு விரலும் இருக்கக் கூடாது. இடது கட்டைவிரலால் வளையத்தை நேராக மேலே தூக்குங்கள். பல்லின் உயரம் அளவுக்கு, இரண்டு மில்லிமீட்டர் எழுந்தால் போதும். வலது கையால் அலகை முதுகுப் பக்கமாகப் பிடித்து மடக்குங்கள். எல்லாப் பற்களும் கடக்கும்வரை வளையத்தை விடாதீர்கள். நடுவில் விட்டால் அடுத்த பல் பிடித்துக்கொள்ளும்; பதறாமல் மறுபடி தூக்கினால் சரி. வளையத்தைப் பக்கவாட்டில் இழுப்பதும், தேவைக்கு மேல் தூக்குவதும் வில்லைத் திருகிவிடும். வில் வளைந்துபோன நவாஹாவைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வளையத்தில் சாவிக்கொத்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தொங்கவிடும் வளையம் இல்லை, பூட்டைத் திறக்கும் விசை. அதில் கத்தியைத் தொங்கவிட்டால் நாள் முழுக்க வில்லை இழுத்துப் பிடித்ததற்குச் சமம். சத்தத்துக்காக மணிக்கட்டை உதறித் திறப்பதும், பூட்டு உறுதியா என்று பார்க்க அலகின் முதுகை மேசையில் தட்டிப் பார்ப்பதும் அந்த ஒற்றைப் பல்லுக்குச் சுத்தியலடி. தேங்காய் உடைக்க, டப்பா நெம்ப இது ஆகாது.

சாணை பிடிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கல்லிலிருந்து வரும் தூள் நேரே பற்களுக்குள்தான் போகும். அலகின் அடியை டேப்பால் மூடிவிட்டு, 1000-ம் எண் கல்லில் கையால் தீட்டுங்கள். தெருச் சாணைச் சக்கரத்தில் தீப்பொறி பறக்கத் தீட்டினால் மெல்லிய முனையில் நீலம் பாயும். நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி கண்டுவிட்டது, பதம் இறங்கிவிட்டது.

டெல்லிக்கு?

எடுத்துப்போகாதீர்கள். ஸ்பெயினின் 1993-ம் வருட ஆயுத விதிகளில் மடக்குக்கத்திக்கு வரம்பு 11 செ.மீ. அலகு, அதைத் தாண்டியதை வீட்டில் அழகுக்கோ சேகரிப்புக்கோ மட்டும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் 9 செ.மீ. கத்தி அங்கே பிரச்சினை இல்லை. இந்திய ஆயுத விதிகளும் பொதுவாக 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகளைத்தான் பேசுகின்றன. ஆனால் டெல்லிக்கு 1980-ல், சிறிய கத்திகளுக்கும் கட்டுப்பாடு விதித்துத் தனி அறிவிக்கை ஒன்று வந்தது. வில்லால் திறப்பவை, பொத்தான் வைத்தவை, ‘கராரிதார்’ எனப்படும் பற்பூட்டுக் கத்திகள் எல்லாம், அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால், அதில் அடங்கும். கராரி என்றால் பற்சக்கரம்.  உங்கள் கர்ராக்காவும் அதே இனம்தான். அலகின் அகலத்தை அளந்து பார்த்துக்கொண்டு விவாதிக்கும் இடமில்லை ரயில் நிலையச் சோதனை வாயில். விமானம் என்றால் கைப்பையில் எந்த ஊருக்கும் கூடாது.

பழத்தை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் எடுத்துப்போங்கள். நவாஹாவால் நறுக்கினால், எலுமிச்சையோ மாங்காயோ பட்ட அலகை உடனே துடைத்துவிடுங்கள். சாதாரணக் கார்பன் எஃகாக இருந்தால் சில நிமிடங்களில் கருமை படரும். எந்த எஃகு என்று காந்தம் வைத்துப் பார்க்க வேண்டாம், கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டும்.